அவன் தேடவில்லை, அதுவாக வந்தது: பிள்ளையின் போனில் ஆபாசம் நுழைந்தால் என்ன செய்வது (முழுமையான வழிகாட்டி)

எங்கள் வீட்டில் இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகன் அப்போது எட்டாம் வகுப்பு. டிவி ரீசார்ஜ் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நண்பன் அனுப்பிய ஏதோ ஓர் இலவச லிங்க்கில் என் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததும் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டிருக்கிறான். அது மூடுகிற குறியே இல்லை, விளம்பரப் படத்தோடு சேர்த்து வரைந்து வைத்த பொய்க் குறி. வேறொரு பக்கம் திறந்துகொண்டது, சத்தத்தோடு. போனைக் கவிழ்த்து சோபாவில் போட்டுவிட்டு எழுந்து நின்றான். நான் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்னடா பார்த்துட்டு இருக்க?"

அவ்வளவுதான். மூன்று வாரம் அவன் என் போனைத் தொடவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. அந்தப் பக்கத்தைவிட என் கேள்விதான் அவனை அதிகம் அடித்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நாளாயிற்று. அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க இதை எழுதுகிறேன். 10 வயதுக்கு மேல் 18க்குள் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும், "எங்க பையன் அப்படி இல்லை" என்கிற வீட்டுக்கும் சேர்த்து.

முதலில் ஒரு கணக்கு

தேடிப் போகாமலேயே ஆபாசம் எதிரே வந்து நிற்பது அரிதான விபத்து இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு 2018ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது என்றும், 9 பேரில் ஒருவரிடம் யாரோ ஆன்லைனில் பாலியல் ரீதியாகப் பேச்சுக் கொடுக்கிறார்கள் அல்லது படம் கேட்கிறார்கள் என்றும் சொன்னது. அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் மூன்று முறை எடுத்த கணக்கெடுப்பில், 2000 வாக்கில் 25 சதவீதம், 2005ல் 34, 2010ல் 23 என்று வந்தது. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய எண்கள் இவை. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023ல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகள் முதன்முதலில் ஆபாசப் படம் பார்க்கும் சராசரி வயது 13, பத்தில் ஒருவர் 9 வயதுக்குள்ளேயே பார்த்துவிடுகிறார் என்று இருந்தது.

ஆகவே, ஒருநாள் இது நடக்கும் என்றே எடுத்துக்கொண்டு தயாராக இருப்பது நல்லது.

எந்த வழியாக வருகிறது

கூகுளில் கெட்ட வார்த்தை போட்டுத் தேடினால்தான் வரும் என்று நினைக்கிறோம். நிஜத்தில் இலவச மேட்ச், புதுப்படம், மோட் செய்த (யாரோ மாற்றியமைத்த) கேம் கொடுக்கும் தளங்கள்தான் பெரிய வாசல், ஏனென்றால் கௌரவமான விளம்பரம் கிடைக்காத அந்தத் தளங்களுக்குச் சம்பாத்தியமே இந்த மாதிரி விளம்பரத்தில்தான். அடுத்தது, தெரியாத நம்பர் ஒன்று உங்கள் பிள்ளையை வாட்ஸ்அப் குரூப்பிலோ டெலிகிராம் சானலிலோ தானாகவே சேர்த்துவிடுவது. வகுப்பு குரூப்பில் ஒருத்தன் வேடிக்கைக்கு ஃபார்வேர்டு தட்டிவிடுவது இன்னொன்று. இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாதவர் நேரடியாகத் தன் படத்தை அனுப்புவது, ஆன்லைன் கேமில் கூட ஆடுகிறவர் சாட்டில் பேச்சை மெல்லத் திருப்புவது, இவை வேறு வகை. முன்னதில் இருப்பது ஒரு விளம்பர இயந்திரம், பின்னதில் இருப்பது ஓர் ஆள். ஆள் இருக்கிற இடத்தில் செய்ய வேண்டியதே வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிள்ளைக்குள் என்ன நடக்கிறது

இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். "மூளையே கெட்டுப்போகும்" என்று ஒரு கூட்டம், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் சாதாரணம்" என்று இன்னொரு கூட்டம்.

உண்மை நடுவில் இருக்கிறது. எதேச்சையாக ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் சில நாளில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த 2005 அமெரிக்கக் கணக்கெடுப்பில் கூட 34 சதவீதம் பேர் பார்த்திருந்தாலும், மிகவும் மனம் கலங்கியதாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 9 சதவீதம்தான். ஆனால் அந்த 9 பேரில் உங்கள் பிள்ளை இருக்கலாம். ஏற்கெனவே மனச்சோர்வில் இருக்கிற பிள்ளை, பள்ளியில் கேலிக்கு ஆளாகிற பிள்ளை, முன்பு யாராவது தொட்டுத் தொல்லை கொடுத்த அனுபவம் உள்ள பிள்ளை, இவர்களுக்கு அது ஆழமாக இறங்கும். வயது குறையக் குறைய அதிர்ச்சியும் கூடும், ஏனென்றால் பார்த்தது என்னவென்று புரிந்துகொள்ளவே அந்த வயதில் வார்த்தை இருக்காது. யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்றுகூட நினைத்துக்கொள்ளும்.

உடனே வெளியே தெரிவது: சாப்பாட்டில் மனம் இல்லாமை, தூங்கப் போகத் தள்ளிப்போடுவது, காரணமே இல்லாமல் வயிற்று வலி, தலைவலி, போனைத் தொடவே பயப்படுவது அல்லது அதற்கு நேர்மாறாகப் போனோடு பாத்ரூமில் நேரம் போக்குவது. கண்ணை மூடினால் அதே காட்சி வருகிறது என்று சில பிள்ளைகள் சொல்லும். உள்ளே நடப்பதுதான் சிக்கல். அருவருப்பும் ஆர்வமும் ஒரே நேரத்தில் வரும். இரண்டுமே இயல்பு. ஆனால் அந்த ஆர்வம் வந்ததற்காகத் தன்னையே கெட்ட பிள்ளை என்று முடிவு கட்டிக்கொள்வதுதான் பல பேருக்கு நாள்கணக்கில் அரிக்கிறது. இதை யாராவது பெரியவர் வாய்விட்டுச் சொல்லாதவரை அது போகாது.

திரும்பத் திரும்பப் பார்க்க நேர்ந்தால் பாதிப்பின் முகம் மாறும். தன் உடம்பை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கூனிக் குறுகுவது, பெண் என்றால் இப்படித்தான் நடத்த வேண்டும் என்கிற எண்ணம், ஒருவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும் என்கிற அடிப்படையே தெரியாமல் வளர்வது. 20 வருட ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வும் 2016ல் ஏறக்குறைய இந்தத் தொடர்புகளைத்தான் சொன்னது, ஆனால் எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே சொன்னது. "ஒரு வீடியோ பார்த்தான், அதனால்தான் இப்படி ஆனான்" என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

படி 1: முதல் பத்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் முகத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். நிஜமாகவே. பிள்ளை பயப்படுவது திரையில் வந்ததற்கு இல்லை, உங்கள் கண் எப்படி மாறுகிறது என்பதற்கு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசினாலும் பரவாயில்லை.

அப்புறம் மூன்று விஷயம் சொல்லுங்கள், இந்த வரிசையில். "நீ ஒண்ணும் தப்பு பண்ணல." "போனைப் பிடுங்க மாட்டேன்." "எப்படி வந்துச்சுன்னு மட்டும் காட்டு, சேர்ந்து மூடிடலாம்." இரண்டாவது வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் மறைப்பதற்குப் பெரிய காரணமே போன் போய்விடும் என்கிற பயம். நீங்கள் ஒருமுறை பிடுங்கினால், அடுத்த முறை அதைவிடப் பெரிய விஷயம் நடந்தாலும் உங்களிடம் வராது.

கேட்கக் கூடாத கேள்விகள்: "எத்தனை நாளா நடக்குது?", "யார்கூட சேர்ந்து கெட்ட?", "நீ தொடாம அது எப்படி வரும்?" கடைசிக் கேள்விக்குப் பதில், வரும். எனக்கே வந்திருக்கிறது.

இதில் பெண் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் நடக்கிற அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பையன் பார்த்தால் "வயசுப் பையன், விடு" என்று சிரித்துக் கடக்கிறோம். அதே படம் மகள் போனுக்கு வந்தால் போன் போகிறது, டியூஷன் போகிறது, சில வீடுகளில் படிப்பே போகிறது. அனுப்பியவன் யாரோ, தண்டனை இவளுக்கு. பெண் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பையன் விஷயத்தில் சிரித்துக் கடப்பதும் தப்புதான், அவனுக்கும் குழப்பம் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

படி 2: இரண்டு நாள் விட்டு ஒரு பேச்சு

அன்றே உட்கார வைத்து வகுப்பு எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் போகட்டும். எங்களுக்குக் கைகொடுத்தது பைக். பின்னால் உட்கார்ந்து வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவனுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். டியூஷனுக்குப் போகிற பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

நான் சொன்னது ஏறக்குறைய இது: "அன்னைக்கு வந்தது பெரியவங்களுக்காகக் காசுக்கு எடுக்கிற படம்டா. நடிப்பு. நிஜத்துல அப்படி இருக்காது. நிஜத்துல ஒருத்தர் வேண்டாம்னா அங்கேயே நிறுத்தணும், அதை அந்தப் படத்துல காட்டவே மாட்டாங்க. பார்த்ததும் உனக்கு அசிங்கமாவும் இருந்திருக்கும், என்னன்னு பார்க்கணும்னும் தோணியிருக்கும். ரெண்டும் எல்லாருக்கும் வர்றதுதான்." பின்னாலிருந்து ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சிக்னலில் நின்றபோது, "அப்பா, அன்னைக்கு நான் வேணும்னு தொடல" என்றான். மூன்று வாரமாக அவன் சொல்ல நினைத்தது அதைத்தான்.

அம்மா பேசலாம், சித்தி பேசலாம், மாமா பேசலாம். பிள்ளைக்கு யாரிடம் கூச்சம் குறைவோ அவர்.

படி 3: போனைச் சரிசெய்வது

முதலில் பிறந்த தேதி. நம்மில் பாதிப் பேர் பிள்ளைக்கு ஜிமெயிலோ இன்ஸ்டாகிராமோ திறக்கும்போது "வயசு பத்தல" என்று வந்ததும் 2000 என்று ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுத் தள்ளியிருப்போம். அதன் பொருள், கூகுளும் இன்ஸ்டாகிராமும் உங்கள் 13 வயதுப் பிள்ளையை இருபது தாண்டிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் கூகுள் தேடலில் சேஃப்சர்ச் தானாகவே வடிகட்டும், இன்ஸ்டாகிராமில் டீன் அக்கவுண்ட் விதிகள் வரும், நேரடி மெசேஜில் வரும் நிர்வாணப் படத்தை மங்கலாக்கித்தான் காட்டும். நாம் போட்ட ஒரு பொய் வருடம் இத்தனையையும் அணைத்துவிடுகிறது. கணக்கில் போய்ச் சரியான தேதியைப் போடுங்கள்.

அடுத்து குரோம். "அலோ" என்று எப்போதோ ஒருமுறை தொட்டுவிட்ட தளங்கள் அதற்குப் பிறகு போன் சும்மா கிடக்கும்போதும் நோட்டிஃபிகேஷனாக அசிங்கத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே இருக்கிற பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். என் போனில் அந்த மேட்ச் தளத்தின் பெயரிலேயே நான்கு இருந்தன.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் "எவ்ரிஒன்" என்பதை "மை காண்டாக்ட்ஸ்" ஆக்குங்கள். தெரியாத ஆள் நேராக குரூப்பில் சேர்ப்பது அதோடு நிற்கும். மீடியா ஆட்டோ டவுன்லோடை அணைத்தால், யார் எதை அனுப்பினாலும் தொடாமல் திறக்காது, கேலரிக்குள்ளும் வந்து உட்காராது. டெலிகிராமிலும் இதே மாதிரி, யார் குரூப்பிலும் சானலிலும் சேர்க்கலாம் என்று முடிவு செய்யும் இடம் பிரைவசியில் இருக்கிறது. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் நிர்வாணப் படத்தை மங்கலாக்கும் கம்யூனிகேஷன் சேஃப்டி, ஆண்ட்ராய்டில் சின்னப் பிள்ளைகளின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க், இரண்டையும் போட்டு வையுங்கள்.

வீட்டு வைஃபை ரூட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தருவது) என்கிற இடத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பகுதி திறக்காது, காசு செலவில்லை. மொபைல் டேட்டாவுக்கு இது வேலை செய்யாது.

இதையெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரவில் திருட்டுத்தனமாகப் போனை எடுத்து உளவு ஆப் போடுகிற வேலை வேண்டாம். பிள்ளை கண்டுபிடித்துவிடும், அதோடு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

படி 4: அனுப்பியது ஓர் ஆள் என்றால்

பிளாக் செய்வதற்கு முன் அந்த ஆளின் யூசர்நேம், நம்பர், புரொஃபைல் பக்கம், பேசிய தேதி இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டை அழிக்க வேண்டாம். அப்புறம் பிளாக், ரிப்போர்ட். இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை: 18 வயதுக்குக் கீழே இருக்கிற யாருடைய அந்தரங்கப் படமாவது அதில் இருந்தால், அதை ஆதாரம் என்று நினைத்து மாமாவுக்கோ வகுப்பாசிரியருக்கோ ஃபார்வேர்டு செய்யாதீர்கள். அனுப்புவதே குற்றம். போனையே கொண்டுபோய் போலீஸிடம் காட்டுங்கள்.

சட்டம் இந்தியாவில் பிள்ளை பக்கம்தான் இருக்கிறது. போக்ஸோ சட்டம், 2012: ஆணோ பெண்ணோ, 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பொருந்தும். ஒரு பிள்ளைக்கு ஆபாச நோக்கத்தோடு படம் காட்டுவதும் அனுப்புவதும் பாலியல் தொல்லைதான், 3 வருடம் வரை சிறை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, முடிந்தவரை பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. இது தெரியாமல்தான் பல பெற்றோர் "ஸ்டேஷனுக்கு அலைய முடியாது, மானம் போயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் வரும் ஆபாசத்தைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்ன தீர்ப்பை, அதே வருடம் செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சொல்வது: குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் 14417. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1929. போக்ஸோ குற்றம் என்று தெரிந்தும் மறைக்கிற பள்ளி நிர்வாகத்துக்கும் தண்டனை உண்டு, அதனால் "நம்ம ஸ்கூல் பேர் கெடும், உள்ளுக்குள்ளயே பேசிக்கலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

படி 5: மிரட்டல் வந்தால்

பெண் பெயரில் ஒரு போலிக் கணக்கு பையனோடு நட்பாகும், இரண்டு நாளில் படம் கேட்கும், அனுப்பியதும் குரல் மாறும்: "பணம் போடு, இல்லைன்னா உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் அனுப்புவேன்." படமே அனுப்பாவிட்டாலும் முகத்தை ஒட்டிப் போலிப் படம் செய்து மிரட்டுகிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் இதில் தனியாக மாட்டிக்கொண்டு உயிரை விட்ட சம்பவங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, அதனால் இதை விளையாட்டாக எடுக்க முடியாது.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். கெஞ்சிப் பதில் போடவும் வேண்டாம். ஆதாரத்தை வைத்துக்கொண்டு 1930க்கு உடனே பேசுங்கள். அன்று இரவு பிள்ளையைத் தனி அறையில் விடாதீர்கள், பக்கத்திலேயே படுங்கள். 18 வயதுக்கு முன் எடுத்த படம் இணையத்தில் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்கிற இலவசச் சேவை இருக்கிறது, காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023ல் தொடங்கியது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகி அது மட்டும் போகும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் சாட்டுக்குள் போனதை அதனால் பிடிக்க முடியாது.

படி 6: எப்போது வெளியே உதவி தேடுவது

இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது, காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது பார்ப்பதை நிறுத்த முடியாமல் தானே தவிக்கிறது என்றால் ஆலோசகரிடம் போங்கள். செத்துடலாம் போல இருக்கு என்று வாயில் வந்துவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் தமிழிலேயே பேசலாம், இலவசம். பத்து வயதுப் பிள்ளை, பார்த்ததை இன்னொரு சின்னப் பிள்ளையிடம் செய்து பார்க்க முயன்றது தெரிந்தாலும் அடிக்காமல் உடனே குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு வேறு யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்பதையும் அவர்தான் பக்குவமாகக் கேட்டு அறிய முடியும்.

விட்டுப்போன ஒன்று

மேலே சொன்ன செட்டிங்ஸை எல்லாம் பிள்ளையின் போனில் மட்டும் செய்துவிட்டு உட்காராதீர்கள். பிள்ளை கையில் அதிகம் இருப்பது தாத்தா பாட்டி போன். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த ஐந்து போனையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, மகனையே செட்டிங்ஸ் மாற்றச் சொன்னோம். என் போனில் தெரியாத குரூப் இரண்டு இருந்தது. என் அப்பா போனில் ஏழு. அதில் ஒன்றின் பெயரைப் பார்த்துவிட்டு அவன், "தாத்தா, இதுல உங்களை யார் சேர்த்தது?" என்றான். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியலப்பா, அதுவா வந்துச்சு" என்றார்.